சனிக்கிழமை டோனட்

ஜன்னலைச் சித்தே சாத்திக்கலாமுங்களாண்ணா? காத்துப்பட்டா மேல இருக்கற சர்க்கரைப் பூச்சு உதிர்ந்து போயிரும். ஆமாங்க, டோனட்டுதான். ஒண்ணு எடுத்துக்குங்க. அட, எடுத்துக்குங்க. நீங்களும் திருப்பூர், நானும் திருப்பூர், ஒன்றரை மணி நேரம் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துட்டு வேண்டாம்னா எப்படிங்க? கடையில வாங்கினது இல்லை. எம்பட கையால நானே பண்ணினது. பன்னெண்டு பண்ணி ஈரோட்டுக்குக் கொண்டுபோனேன். பத்தைத் திருப்பிக் கொண்டு வர்றேன்.

உங்க பார்வை புரியுதுங்க. நாப்பது வயசு ஆம்பள டப்பாவுல டோனட்டு வெச்சுட்டு பஸ் ஏறித் திரியறானேன்னு நெனைக்கறீங்க. என்னை இப்படித் திரிய வெச்சிருக்காங்க. கோர்ட்டுல இருந்து வர்றேன். எம்பட பொண்ணைப் பாக்கறதுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு சனிக்கிழமை, பத்தரைல இருந்து பன்னெண்டரை வரைக்கும். அங்க ஒரு ரூமு இருக்குது. செவுத்துல முயலும் மானும் வரைஞ்சு வெச்சிருக்காங்க. பெத்த புள்ளைய ஒரு அப்பன் அந்த முயலுக்கு முன்னால உக்காந்துதான் பாக்கணும், தெரியுங்களா. பாப்பா பேரு மிருதுளா. எட்டு வயசு.

இன்னைக்குத்தான் முக்கியமான நாளு. மாசத்துல ரெண்டு நாள் புள்ளைய எங்கூட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு கோர்ட்டுல கவுன்சிலிங் பண்ற மேடம் கூட உக்காந்து பாத்து எழுதற நாளு. அவங்க எழுதறதை வெச்சுத்தான் ஜட்ஜ் சொல்லுவாங்களாமா. அதுக்காகத்தான் காலைல நாலரைக்கு எந்திரிச்சு இத்தனை பாடு. என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? சொல்றேன். மொதல்ல இருந்து கேட்டாத்தான் நாயம் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியும்.

நான் டையிங் மாஸ்டருங்க. பனியன் துணிக்குச் சாயம் போடற வேலை, பதினெட்டு வருசமா. எத்தனை டிகிரில எத்தனை நிமிசம் வெச்சா எந்தக் கலர் பிடிக்கும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. எங்கப்பன் கள்ளே கதின்னு கெடந்து செத்தவரு. அந்த வாசம் அடிச்சாலே நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். ஊட்டுக்கு அரிசி பருப்புல ஒரு நாள் குறை வெச்சது இல்லை. எங்க தெருவுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க.

எம்பட சம்சாரம் பேரு கோகிலவாணி. ஈரோட்டுப் பொண்ணு. அமைதியானவதான், அதைச் சொல்லணும். இந்த டோனட்டு எப்ப ஊட்டுக்குள்ள வந்துச்சோ அப்பத்தான் சனியன் பிடிச்சுது. பாப்பாவுக்கு ஆறு வயசு இருக்கும். கோயமுத்தூர்ல ஒரு பெரிய கடைல கண்ணாடிக்குள்ள வட்ட வட்டமா அடுக்கியிருந்ததைப் பாத்துட்டு நகராம நின்னு அழுதுச்சு. இது நம்ம மெதுவடைதான் கண்ணு, மேல சர்க்கரையைத் தடவி வெச்சு ஊரை ஏமாத்தறான்னு சொல்லி இழுத்துட்டு வந்துட்டேன். கோகிலாவும் கூடத்தான் இருந்தா. அடுத்த ஞாயித்துக்கிழமை போனைப் பாத்து ஊட்டுலயே பண்ணிப்போட்டா.

அவ டம்ளரை வெச்சு வட்டம் வெட்டுவா. பாப்பா தண்ணி பாட்டில் மூடியை வெச்சு நடுவுல ஓட்டை போடும். ரெண்டு பேரும் மூஞ்சியெல்லாம் மாவை அப்பிக்கிட்டு ஒரே சிரிப்பு. ருசியா இருந்துச்சான்னு கேட்டீங்கன்னா, இருந்துச்சு. நான் சொல்லிக்கலை. பொம்பளைங்களைப் புகழ்ந்தா தலைமேல ஏறிக்குவாங்க. இதுல என்ன பெரிய வேலை இருக்குது, மாவு தானாப் பொங்குது, எண்ணெய்ல தானா வேகுதுன்னு சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்?

அப்புறம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களோட அம்மாக்கள் பிடிச்சுக்கிட்டாங்க. எங்க பையன் பொறந்தநாளு, அம்பது பண்ணிக் குடு, முப்பது பண்ணிக் குடுன்னு. எப்பப் பாத்தாலும் போன். நான் வேலை முடிஞ்சு களைச்சுப்போய் உள்ள நுழைஞ்சா எவகூடயோ சிரிச்சுப் பேசிட்டு இருப்பா. என்னைப் பாத்ததும் சிரிப்பு நின்னு போயிரும். அதென்னங்க, கட்டின புருசனைக் கண்டதும் நிக்கற சிரிப்பு? கோவம் வருமா வராதா? ரெண்டு மூணு தடவை போனைப் பிடுங்கி வெச்சிருக்கேன். தரையெல்லாம் மாவு கொட்டிக் கெடக்கும், நாலஞ்சு தடவை கையை ஓங்கியிருப்பேன். ஓங்கினதுதான். பட்டிருந்தாலும் லேசாத்தான் பட்டிருக்கும். எந்த ஊட்டுல இல்லாததுங்க அது?

இப்ப அந்த நாளைச் சொல்றேன். மாசி மாசம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம். எங்க அண்ணனும் அண்ணியும் அவங்க பொண்ணு சீருக்கு அழைக்க வந்திருந்தாங்க. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. சமையக்கட்டுல இருந்து ஒரு வாசம் வருது பாருங்க. ஈஸ்ட்டு போட்ட மாவு பொங்கினா எப்படி வாசம் வரும்னு உங்களுக்குத் தெரியுங்களா? அச்சு அசல் கள்ளு. எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன். அந்த மாவை எதுல வெச்சிருந்தாங்கறீங்க? பொங்கப் பானைல. எங்க கல்யாணத்துக்கு அவ தாய்மாமன் சீர் வெச்ச பித்தளைப் பானை. தைப்பொங்கலுக்கு மட்டும்தான் கீழ எறக்குவோம். சூரியனுக்குப் பொங்கி முடிச்சதும் வெளக்கி, மஞ்சத்துணி சுத்திப் பரண்ல வெச்சிருவோம். எங்க குடும்பத்துப் பானைங்க அது. அதுல போய் இந்தக் கருமத்தைப் பொங்க வெச்சிருக்கா. மறுநாள் ஒரு வகுப்புக்கே பண்ணணுமாமா, வேற பெரிய பாத்திரம் இல்லையாமா.

அண்ணி பின்னாலயே வந்து எட்டிப் பாத்துட்டு, ‘ஏந்தம்பி, பொங்கப் பானைல கள்ளு ஊற வெச்சிருக்கீங்களா?’ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. அண்ணன் சிரிக்கலை. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. எங்கப்பனைத் தூக்கிட்டு வந்து போட்ட நாளெல்லாம் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். எனக்கு மானமே போச்சு. பானையோட தூக்கிட்டுப் போய்ப் பொறவாசல் சாக்கடைல கவுத்திப்போட்டேன்.

அவ அடுப்புக்கிட்ட நின்னுட்டு இருந்தா. கொஞ்சம் மாவை முன்னாலயே வெட்டி வெச்சுச் சுட்டுட்டு இருந்தா. அழுகலை, சத்தம் போடலை. ‘அது நாளைக்கு நாப்பது புள்ளைங்க திங்க வேண்டியதுங்க’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஆனா சொன்ன விதம் இருக்குது பாருங்க. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. எண்ணெய்ல கெடந்ததைத் திருப்பிப் போட்டுட்டே சொல்றா, அண்ணன் அண்ணிக்கு முன்னால. புருசன் கொதிச்சுப்போய் நிக்கறப்ப அடுப்பை நிறுத்தணுமா வேண்டாமா?

வாணலியை எறக்கி வெக்கலாம்னு பிடிச்சேனுங்க. வாணலிக் காது கையைச் சுட்டுருச்சு, உதறினேன், சாஞ்சு போச்சு. அவ இடது கைல, முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும். நடந்தது அவ்வளவுதான். துணி இல்லாமயா வாணலியைப் பிடிச்சீங்கன்னு அவ வக்கீல் கேக்கறான். அவசரத்துல துணியைத் தேடிட்டு இருப்பாங்களா? உங்க கைல ஒரு கொப்புளம்கூட இல்லையேன்னு கேக்கறான். சாயப்பட்டறைல பதினெட்டு வருசம் வெந்த கை, மரத்துப் போன கை, அதுல எங்கிருந்துங்க கொப்புளம் வரும்? படிச்சவனுக்கு இது புரிய மாட்டேங்குது.

பாப்பா அப்ப அங்க இல்லை. இருந்துச்சு, கதவோரமா. பாட்டில் மூடியைக் கைல வெச்சுட்டு நின்னுச்சு. ஆனா ஒண்ணையும் பாக்கலைங்க. ஆறு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்?

ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டதுக்கு அவ வாயாலயே சொன்னா, எண்ணெய் தெறிச்சுதுன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். அவளா சொன்னது. அப்படிச் சொன்னவ மறுநாள் அவங்கப்பனை வரவெச்சுப் புள்ளையோட ஈரோட்டுக்குப் போய், ஆறு மாசம் கழிச்சு மனு போடறா, கோவத்துல தள்ளிவிட்டான்னு. எது நெசம்? நான் பக்கத்துல இருக்கறப்ப சொன்னதா, இல்லாதப்ப எழுதினதா? நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு கேளுங்க. சாக்கடைல கொட்டின மாவு அங்கயும் சும்மா கெடக்கலை. மாசி வெயிலு வேற. பொங்கிப் பொங்கிச் சாக்கடையே அடைச்சுப் போச்சு. வாடகைக்கு விட்ட ஊட்டுக்காரம்மா வந்து கத்துது. நான் ஒண்டியாளா குச்சியை வெச்சு அரை நாள் நோண்டியிருக்கேன். அந்தக் கஷ்டத்தை எந்த மனுவுலயும் யாரும் எழுதலைங்க.

செரி, கோர்ட்டு புள்ளையப் பாக்கச் சொல்லிருச்சு. போனேன். பொம்மை வாங்கிட்டுப் போனேன், கலர் பென்சில் வாங்கிட்டுப் போனேன், கொலுசு வாங்கிட்டுப் போனேன். எதையும் தொடாது. நான் இந்தப் பக்கம் உக்காந்தா அது அந்தக் கடைசில உக்காந்து முயலையே பாத்துட்டு இருக்கும். ரெண்டு மணி நேரமும். உனக்கு என்னதான் வேணும் கண்ணுன்னு ஒரு தடவை கெஞ்சிட்டேன். முயலைப் பாத்துட்டே ‘டோனட்’னு சொல்லுச்சு. ஒரு வருசத்துல என்கிட்டப் பேசின மொத வார்த்தைங்க அது. அடுத்த தடவை பேக்கரில வாங்கிட்டுப் போனேன். ஒரு கடி கடிச்சுட்டு, இது இல்லைன்னு வெச்சுருச்சு.

அப்பத்தான் நானே பண்றதுன்னு எறங்கினேன். இதுல என்ன இருக்குதுன்னு நெனச்சேன். கால் கிலோ மைதா, பாலு, சர்க்கரை, உப்பு, வெண்ணெய், ஒரு ஸ்பூன் ஈஸ்ட்டு. எல்லாத்தையும் தராசுல எடை போட்டு, பாலைக் கரெக்டா அறுபது டிகிரிக்குச் சூடு பண்ணி ஈஸ்ட்டைக் கலக்கினேன். நம்ம சாயம் துணில பிடிக்கற சூடு அதுதானுங்களே. மாவு கல்லு மாதிரி கெடந்துச்சு. மறுபடியும் அறுபது. மறுபடியும் கல்லு. மூணு ஞாயித்துக்கிழமை வீணாப் போச்சு. ஈஸ்ட்டு மட்டம்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்கே போயிட்டேன். பட்டறைல ஒரு பையன்தான் சொன்னான், அது உசுருள்ள சாமான் மாஸ்டர், அத்தனை சூட்டுல செத்துப் போயிரும்னு.

போன்ல தேடினேன். ஊட்டுலயே ஈஸியா டோனட்டு பண்றது எப்படின்னு ஆயிரம் பேரு காட்டறாங்க. ஒண்ணைத் தட்டினேன். பேச ஆரம்பிச்சதும் தூக்கி வாரிப் போட்டுருச்சு. அவ குரலுங்க. கோகிலா. ஈரோட்டுக்குப் போய் வீடியோ போட ஆரம்பிச்சிருக்கா. மூஞ்சியைக் காட்ட மாட்டா, ரெண்டு கை மட்டும்தான். ‘பால்ல விரலை விட்டா சூடு சுடக்கூடாது, குளுரவும் கூடாது. அவசரப்படாதீங்க, மாவு அதுவா எந்திரிக்கும்’ங்கறா. அத்தனை பொறுமையா. என்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படிப் பேசியிருக்காளான்னு இருந்துச்சு. அதே வீடியோவை இருவது முப்பது தடவை போட்டுப் பாத்திருப்பேன்.

அந்த இடது கையை மறைக்காமக் காட்டறா. முழுக்கை சட்டை போட்டுக்கலாமில்ல? போட மாட்டா. ஊரு உலகம் பாக்கட்டும்னு வெச்சிருக்கா. வீடியோவுக்குக் கீழ ஒரு பொம்பள, அக்கா கைல என்னாச்சுன்னு கேட்டிருக்கு. எண்ணெய் தெறிச்சுருச்சுப்பா, நீங்க சுடறப்பப் பாத்துச் சுடுங்கன்னு பதில் போட்டிருக்கா. பாத்தீங்களா? இப்பவும் அவளேதான் சொல்றா. அதைப் படம் பிடிச்சு எங்க வக்கீல்கிட்டக் குடுத்தேன். அவரு பாத்துட்டு என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு. எனக்குன்னு வாய்ச்ச வக்கீலும் அப்படி.

அவ சொன்னபடி பண்ணினேன், வந்துருச்சு. ஆனா என்ன வேலைங்கறீங்க! பெசையறதுக்கே கை விட்டுப் போகுது. ஒரு மணி நேரம் பொங்க விடணும். அரை இஞ்சு கனத்துல தேய்ச்சு வெட்டணும், வெட்டினதை மறுபடியும் அரை மணி நேரம் பொங்க விடணும், சின்னத் தீயில நின்னுட்டே ஒவ்வொண்ணாத் திருப்பிப் போடணும். சூடு ஆறறதுக்குள்ள சர்க்கரைப் பொடியையும் பாலையும் கொழைச்சு அதுல முக்கி எடுக்கணும். வெறும் பன்னெண்டுக்கு இடுப்பு ஒடிஞ்சு போகுது. காலைல இருந்து நின்ன கால் இன்னும் வலிக்குது. ஒரு மனுசன் இத்தனை பாடு படறானேன்னு ஒருத்தராச்சும் ஒரு வார்த்தை சொல்றாங்களா? இல்லை. தானா வந்துருச்சுன்னு நெனைக்கறாங்க.

இன்னைக்குக் கதைக்கு வர்றேன். பத்தரைக்கு டாண்ணு போயிட்டேன். மேடம் மூலைல நோட்டை வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. பாப்பா நீலக் கவுன் போட்டுட்டு வந்துச்சு. டப்பாவைத் தொறந்து வெச்சேன். பாத்துச்சு. வழக்கமா உக்கார்ற அந்தக் கடைசில இருந்து எந்திரிச்சுப் பக்கத்து நாற்காலிக்கு வந்து, ஒண்ணை எடுத்துக் கடிச்சுது. ‘அம்மா பண்ற மாதிரியே இருக்குது’ன்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்கண்ணா. பொய் சொல்லலை. முழுசாத் தின்னுட்டு ரெண்டாவதும் எடுத்துச்சு. பல்லு விழுந்த எடத்தைக் காட்டுச்சு. பள்ளிக்கூடத்துல நாய் உள்ள வந்த கதையைச் சொல்லிச் சிரிச்சுது. மேடமும் சிரிச்சுட்டு என்னமோ எழுதினாங்க. செரி, ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன். ஊட்டுல பாப்பாவுக்கு எந்த ரூமைக் குடுக்கறதுன்னு யோசனைகூடப் பண்ணிட்டேன்.

கன்னத்துல சர்க்கரை ஒட்டியிருந்துச்சு. அதைத் தொடைச்சு விடலாம்னு கையைத் தூக்கினேன். மெதுவாத்தானுங்க தூக்கினேன்.

கைல வெச்சிருந்த டோனட்டோடயே ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிச்சு. முட்டியைத் தூக்கி நாற்காலிக்குள்ளயே சுருண்டுக்கிச்சு. உள்ள இருந்து சொல்லுது, ‘அம்மா கொட்டலைப்பா. நான்தான் கொட்டினேன்.’

அங்க அவங்கம்மாவே இல்லீங்க. அவ வெளிய மரத்தடில உக்காந்திருக்கா. இல்லாதவளைக் காப்பாத்தற மாதிரி ஒரு பேச்சு. யாரு சொல்லிக் குடுத்தா இதை? அவதான் சொல்லிக் குடுத்திருக்கணும், வேற எங்கிருந்து வரும்? மேடம்கிட்டயும் அதைத்தான் சொன்னேன், பாருங்க மேடம், புள்ளைய எப்படிப் பழக்கி வெச்சிருக்கான்னு. அவங்க நோட்டை மூடி வெச்சாங்க. புள்ளைகிட்ட வந்து மண்டி போட்டு உக்காந்து, என்ன கொட்டுச்சு தங்கம்னு கேட்டாங்க. புள்ள இன்னும் இறுக்கிச் சுருண்டுக்கிச்சு.

நான் தரையைப் பாத்தேன். குனிஞ்சு நாற்காலிக்கு அடிலயும் பாத்தேன். ஒண்ணுமே கொட்டலீங்கண்ணா. ஒரு துளி சர்க்கரைகூட இல்லை, தரை அத்தனை சுத்தமா இருந்துச்சு. ‘ஒண்ணும் கொட்டலை கண்ணு, அப்பா பாத்துட்டேன்’னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். மேடம் என்னை எந்திரிச்சு வெளிய போகச் சொல்ற வரைக்கும் புள்ள கையை எடுக்கவே இல்லை.